இடப்பக்க வளைவில் நிற்கும் கார்

வண்டி வாங்கிய நாளிலிருந்தே எனக்கு எதிரிகள் அதிகம். முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, சிவப்பு, தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். ஜவ்வாது மலைமேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற, நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத ஒருத்திக்கு இது எதற்கு என்று செங்கத்திலிருந்து படவேடு வரைக்கும் உள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கவலைப்பட்டார்கள். "டீச்சரு படுத்துக்கினே போறாங்க பாரு" என்று ஜீப்பில் போகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். யாரையும் கேட்காமல் நான் வாங்கிய முதல் பொருள் அதுதான். அதனாலேயே அது எனக்கு உயிர்.

இரண்டு மாதத்தில் கோளாறு ஆரம்பித்தது. மலையேறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் எஞ்சின் பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். வலப்பக்க வளைவில் ஒருநாளும் நின்றதில்லை. இதைச் சொன்னதும் செங்கத்து மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பேட்டரியை மாற்றினார், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலை மாற்றினார், கடைத்தெருவில் இரண்டு சுற்று ஓட்டினார்.

"நல்லாத்தான் ஓடுது டீச்சர். வயசான வண்டி, மலைக்கு ஒத்துவராது."

வளைவே இல்லாத ரோட்டில் ஓட்டினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாடம் நடத்தறது வேற, இது வேற" என்றார்.

அடுத்த வாரம் நடுவளைவில் நின்ற வண்டியை ஜீப்காரர்கள் தள்ளி ஓரங்கட்டினார்கள். செய்தி எனக்கு முன்னால் செங்கம் போய்விட்டது. அங்கே இருக்கிற என் அண்ணன் ஃபோன் செய்தார்.

"ஆளு பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம வர்றாரு. வண்டியக் குடுத்துடு."

"நீயே பக்கத்துல குந்திக்கினு வாண்ணா. ஒரு வளைவுல நின்னாலும் சாவி உன்னுது. நிக்கலன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

"சரிம்மா" என்றார். சிரிப்பை அடக்குவது ஃபோனிலேயே கேட்டது.

பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்கு மின்சுற்று நடத்துகிறேன். ஒரு ஒயரைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அந்த வெட்கம்தான் சனிக்கிழமை காலை என்னை வண்டியின் முன்னால் நிறுத்தியது. எஞ்சின் அணைகிறதென்றால் பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் கரண்ட் வரவில்லை. எது என்று தெரிய ஒரு சின்ன பல்பு போதாதா? பைக் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு நீள ஒயர்களை இணைத்தேன். ஒன்றைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் மாட்டினேன், இன்னொன்றை வண்டியின் இரும்பில். பல்பை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து கண்ணெதிரே டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மலைப்பாதையில் கிளம்பினேன்.

வலப்பக்க வளைவில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. இடப்பக்க வளைவில் பல்பும் எஞ்சினும் ஒன்றாக அணைந்தன. கரண்ட்தான்! சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து கத்தினேன்.

ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தேன். கை மொத்தத்துக்கு ஒயர்க்கட்டு ஒன்று பிடிப்பில்லாமல் தொங்கியது. அதை வலப்பக்கம் தள்ளியதும் பல்பும் எஞ்சினும் அணைந்தன. விரலால் தடவிக்கொண்டே போனேன், மேலேயிருந்து இறங்கிய ஒரு ஸ்க்ரூவின் முனை நறுக்கென்று குத்தியது.

அது அண்ணன் போட்ட ஸ்க்ரூ. வண்டிக்குப் பூஜை போட்ட அன்று, தனியாகப் போகிற பெண்ணுக்குத் துணை இருக்கட்டும் என்று டேஷ்போர்டில் ஓட்டை போட்டு முருகர் படத்தை முடுக்கியிருந்தார். ஸ்க்ரூ, காயிலுக்குக் கரண்ட் கொண்டுபோகும் இக்னிஷன் ஒயரை முக்கால்வாசி அறுத்திருந்தது. மிச்சக் கம்பியும் ஆடி ஆடி அறுந்து, சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. வண்டி இடப்பக்கம் திரும்பினால் கட்டு வலப்பக்கம் சாய்ந்து தொடுப்பு விட்டுவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒயரைச் சீவி முறுக்கி, டேப் சுற்றி, ஒயர்க்கட்டை ஆடாமல் கட்டினேன். ஸ்க்ரூவைக் கழற்றி, முருகரை வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்தேன். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாங்க வந்தவரை அடிவாரத்து டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு அண்ணன் வண்டியில் ஏறினார்.

"சாமிய இன்னா பண்ண?"

"வூட்டுல இருக்கறாரு. நீ போட்ட ஸ்க்ரூதாண்ணா ஒயர அறுத்துச்சு."

அவர் முதல் இடப்பக்க வளைவில் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். வண்டி நிற்கவில்லை. வேண்டுமென்றே அடுத்ததை இன்னும் ஒடித்துத் திருப்பினேன். மேலே போய்ச் சேரும்வரை எஞ்சின் ஒரு தடவைகூட விக்கவில்லை.

"பரவால்லியே" என்றார் அண்ணன். "நல்லா ஓடுறப்பவே குடுத்துட்டா இன்னும் நல்ல வெலைக்குப் போவும்."

"நிக்கலன்னா பேச்சே கூடாதுன்னு ஒத்துக்கினியா இல்லியா?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. பொம்பளைக்கு எதுக்கு இந்த மாதிரி வண்டி?"

நின்றாலும் விற்க வேண்டும், ஓடினாலும் விற்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டினேன். எட்டி அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்குண்ணா."

"இங்கியா?"

"மூணு மணிக்கு பஸ் வரும்."

இறங்கிவிட்டார். நான் அத்தனை வளைவையும் தனியாக இறங்கி டீக்கடைக்குப் போனேன். வண்டியை விற்பதாக இல்லை என்று வாங்க வந்தவரிடம் நானே சொன்னேன். அவர் காலி இருக்கையை எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் எங்கம்மா?"

"பஸ்ல வர்றாருங்க" என்றேன்.