அம்மாவுக்கு வாங்கிய இளநீர்

அப்பாவை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்தது ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில்தான். என் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்காதவரை வேறென்ன செய்வது?

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காபி, மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது. தி.நகர் ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் துணி கிழிக்கிற அப்பா, மேற்கு மாம்பலம் வீட்டில் மில்லி கணக்கில் தண்ணீர் அளக்க ஆரம்பித்தார். காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி வைப்பார். அம்மா அரை டம்ளர் மோர் குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கீழே கொட்டிவிடுவார். தான் குடிக்க மட்டும் சொம்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார். ஒளிந்துகொண்டு வயிறு முட்டக் குடிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்திரி வெயில். முகூர்த்த சீசன் என்பதால் அப்பாவுக்குக் கடை. பாட்டில் பதினோரு மணிக்கே காலி. அம்மா ஈரத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டு படுத்திருந்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர்தானே கூடாது? அத்தை கொடுத்திருந்த பணத்தையும் என் பள்ளிக்கூட வாட்டர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தெருமுனை இளநீர் வண்டிக்கு ஓடினேன்.

“அம்மாவுக்கா? எத்துகினு போ பாப்பா. இன்னா சூடு கீதோ, அல்லாம் எறங்கிடும்” என்றார் வண்டிக்காரர்.

அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாயிலிருந்து எடுக்காமல் முழுவதையும் குடித்துவிட்டாள்.

“அப்பாட்ட சொல்லிராத, என்னா?”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குக் கால் எழும்பவில்லை. மூச்சு வாங்கியது. நான் போன் செய்ததும் அப்பா கடைச் சட்டையோடு ஓடிவந்து, தேனாம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார். வழியிலேயே அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மடியில் கிடந்த அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இளநீரா? பொட்டாசியம் ஏறி ஹார்ட்டே நின்னுடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோமே! யார் குடுத்தது?” என்று டாக்டர் கத்தினார்.

“நாந்தான் டாக்டர். தெரியாமக் குடுத்துட்டேன்” என்றார் அப்பா. அவ்வளவு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினார்.

அம்மா அந்த முறை பிழைத்தாள். அடுத்த பொங்கல் வரைதான் இருந்தாள்.

கல்லூரியில் படிக்கும்போது அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைலைப் பிரித்தேன். உள்ளே ஒரு தாள். சாப்பிடவே கூடாதவற்றின் பட்டியல், அம்மாவின் கையெழுத்தில். முதல் வரியே இளநீர். அதற்குக் கீழே இரண்டு கோடு. பக்கத்தில் அப்பாவின் பொடி எழுத்தில், ‘உயிருக்கே ஆபத்து.’

அப்பா அன்று பொய் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். ஏன் குடித்தாய் என்று அம்மாவை யாரும் கேட்டுவிடக் கூடாதென்றும் அவர் பயந்திருக்கிறார். அவரும் கடைசிவரை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, எப்போதும்போல் பாட்டிலில் முக்கால் லிட்டர் அளந்து ஊற்றி அவள் தலைமாட்டில் வைத்தார்.