புளியங்கொட்டைப் பிரதமர்

அலுமினிய டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதே துருவும் பாசியும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட வேண்டும், விழுங்கிய பிறகு பார்த்தால் டம்ளரின் அடியில் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் தங்கியிருக்கும். ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே மதில் எழுப்பிக் கட்டியிருந்த ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் எண்பதுகளின் கடைசியில் இரண்டரை வருடம் நான் குடித்த தண்ணீர் அது. அதைக் குடித்துவிட்டுத்தான் நாங்கள் தினமும் காலையில் கைகூப்பி நின்று, இப்படியொரு இல்லத்தில் எங்களை வாழவைத்ததற்காகக் கடவுளுக்கும் அறங்காவலர்களுக்கும் ஒரே மூச்சில் நன்றி சொன்னோம்.

என் அப்பாவுக்குப் படைத்தளவாடத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, அம்மா அரசு மருத்துவமனையில் நர்சு. இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அபூர்வம் என்பதால், சேக்காட்டு வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவுதான் என்றாலும், ஏழாம் வகுப்பில் என்னை அங்கே தங்கிப் படிக்கச் சேர்த்துவிட்டார்கள். தலைமையாசிரியையை நாங்கள் டீச்சர் என்று கூப்பிடக் கூடாது, "பெரியம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருந்த வாக்கியம். அந்தக் குடும்பத்தில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டிலிருந்து பணம் கட்டிப் படித்த எங்களைப் போன்றவர்கள் ஒரு வகை; சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து இலவசமாகச் சேர்க்கப்பட்ட "சலுகைப் பிள்ளைகள்" இன்னொரு வகை. அவர்கள் விடிவதற்கு முன் எழுந்து காய் நறுக்கினார்கள், எண்பது பேர் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவினார்கள், கடைசிப் பந்தியில் உட்கார்ந்து மிஞ்சியதைச் சாப்பிட்டார்கள். குடும்பம் என்றால் வேலையைப் பகிர்ந்து செய்வதுதான் அழகு என்பார் பெரியம்மா. அந்தப் பகிர்வில் எங்கள் பங்குக்கு வந்தது சாப்பிடும் வேலை.

பள்ளியின் பெருமையெல்லாம் அதன் "மாணவியர் பேரவை"யில் இருந்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். பிரதமர் உண்டு, சபாநாயகர் உண்டு, அமைச்சர்கள் உண்டு. உணவு அமைச்சரின் வேலை, சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் வாயை மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பது; சுகாதார அமைச்சர் சின்னப் பிள்ளைகளின் தலையைப் பிரித்துப் பேன் தேடுவார்; கலைத்துறை அமைச்சர் விருந்தினர் வரும் நாளில் வாசலில் கோலம் போடுவார். வெள்ளிக்கிழமை மதியம் பிரார்த்தனைக் கூடத்தில் பேரவை கூடும். யார் என்ன கேள்வி கேட்க வேண்டும், யார் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வியாழக்கிழமையே தமிழாசிரியை துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். நாங்கள் அதை மனப்பாடம் செய்து ஜனநாயகம் நடத்தினோம். அதைப் பார்த்துக் கண்கலங்கிய பெரிய மனிதர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் யாராவது பொது இடத்தில் கண்கலங்கினால் எனக்கு அவர்கள்மேல் உடனே ஒரு இளக்காரம் வந்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் நான் பிரதமர் பதவிக்கு நின்றேன். நிற்கச் சொன்னது பெரியம்மா. என் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதாம். எதிர்த்து நின்றவள் கஸ்தூரி. வெள்ளானூர்க்காரி, சலுகைப் பிள்ளை. அவளுடைய அப்பா முன்பு வயலில் கூலிக்குப் போனவர், அப்போது அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகளில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கஸ்தூரியை யாரும் நிற்கச் சொல்லவில்லை, அவளாகவே பெயர் கொடுத்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜுரம் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பவள் அவள், பாவாடை நாடா உருவிக்கொண்டால் கோத்துக் கொடுப்பவள் அவள். நான் அவர்களுக்குச் செய்ததெல்லாம் சத்தம் போடாதே என்று சொன்னதுதான்.

வாக்குச்சீட்டு கிடையாது. மூடியில் துளை போட்ட இரண்டு ஹார்லிக்ஸ் டப்பாக்களை ஒரு அறையில் வைத்திருப்பார்கள், ஒவ்வொருத்தியும் தனியாக உள்ளே போய்த் தனக்குப் பிடித்தவள் பெயர் ஒட்டிய டப்பாவில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு வர வேண்டும். பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய், சற்று நேரத்தில் வெளியே வந்து, நான் வெற்றி பெற்றதாக அறிவித்தார். கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. டப்பாக்களைச் சமையலறையில் கொண்டுபோய் வைக்கும்படி என்னிடமே கொடுத்தார். அவை திறக்கப்படவே இல்லை, மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த பசைக் காகிதம் அப்படியே இருந்தது. என் பெயர் ஒட்டிய டப்பாவில் பத்துப் பதினைந்து கொட்டைகள் கலகலவென்று உருண்டன. கஸ்தூரியின் டப்பா கனத்துக் கிடந்தது, குலுக்கினால் மந்தமான சத்தம்தான் வந்தது. நடுவழியில் நின்று இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பெரியம்மா பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். "கஸ்தூரிக்குச் சமையலறையில் வேலை சரியாக இருக்கும். இதெல்லாம் அவளுக்குச் சிரமம்" என்றார். நான் தலையாட்டினேன். அன்று மாலை சிவப்புச் சாட்டின் பட்டையை என் தோளில் போட்டார்கள், அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் கண் மஞ்சளானது. ஒரு வாரத்தில் ஐந்து பேர் படுத்துவிட்டார்கள். பெற்றோர் தினம் நெருங்கிக்கொண்டிருந்தது, அறங்காவலர்கள் வரவிருந்தார்கள், ஆகவே அது "குளிர் ஜுரம்" என்று முடிவு செய்யப்பட்டது. வீட்டுக்கு எழுதும் கடிதங்களை விடுதிக் காப்பாளர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார் என்பதால், குளிர் ஜுரம் என்றே எல்லோரும் எழுதினோம். சிலர் அதைக்கூட எழுதவில்லை, நலம் என்று எழுதினார்கள்.

கஸ்தூரி மட்டும் ஒரு மதியம் இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டியின் மீது ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வெள்ளிக்கிழமை பேரவையில், எழுதிக் கொடுத்த கேள்விகள் முடிந்து சபாநாயகர் எழுந்திருக்கப் போன நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து நின்றாள்.

"டேங்க்குல காக்கா செத்துக் கீது பெரிம்மா. ரெண்டு. மூடி துருப்புடிச்சி ஒடஞ்சி பூட்ச்சி. அந்தத் தண்ணியத்தான் அல்லாரும் குடிச்சிகினு கீறோம்."

பெரியம்மா சிரித்தார். "கீது, கீறோம் என்பதெல்லாம் என்ன மொழி, கஸ்தூரி? பேரவையில் நல்ல தமிழில் பேச வேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா?" என்றார். ஆசிரியைகள் சிரித்தார்கள், அதைப் பார்த்துவிட்டு முன்வரிசையில் இருந்த நாங்களும் சிரித்தோம். கஸ்தூரி தலையைக் குனியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"தொட்டியில் இரண்டு காக்கைகள் செத்துக் கிடக்கின்றன. அந்தத் தண்ணீரைத்தான் நாம் எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கிறோம்."

இலக்கணத்தில் ஒரு பிழைகூட இல்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா என் பக்கம் திரும்பி, பிரதமர் பதில் சொல்லலாம் என்றார். எழுதிக் கொடுத்த தாள் கையில் இல்லாமல் நான் பேரவையில் பேசிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். எழுந்தேன். பட்டையைச் சரிசெய்துகொண்டேன். "இது குறித்து அரசு பரிசீலித்து வருகிறது" என்றேன். எங்கேயோ வானொலியில் கேட்டது, நாக்கில் தயாராக இருந்தது. பதினாலு வயதில் அவ்வளவு சரளமாக ஒரு அயோக்கியத்தனம் எனக்கு வந்ததை நினைத்தால், அந்தப் பள்ளி எதையுமே கற்றுக் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெரியம்மா பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். சபை கலைந்தது.

மறுநாளிலிருந்து கஸ்தூரி யாரையும் எதையும் கேட்கவில்லை. பள்ளிக்குப் பின்னால், மதில் முடிந்து வேலி போட்டிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பம்புசெட் இருந்தது. விடியற்காலையில் அங்கே போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, சமையலறை அடுப்பில் கொதிக்க வைத்து ஆற்றி, சின்னப் பிள்ளைகளின் டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தாள். குழாய்த் தண்ணீரைத் தொடக் கூடாது என்று அவர்களிடம் சொல்லி வைத்தாள். மற்ற சலுகைப் பிள்ளைகளும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். நாலே நாளில் விடுதியில் பாதிப் பேர் அவள் காய்ச்சிய தண்ணீரைத்தான் குடித்தார்கள். பணம் கட்டிய பிள்ளைகள் கேட்டாலும் அவள் இல்லை என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பிரதமர் போய் அந்த வரிசையில் நிற்பதா என்று இருந்தது எனக்கு.

விறகு சீக்கிரம் தீர்ந்துபோனதைக் காப்பாளர் கண்டுபிடித்தார். பெரியம்மா என்னை அறைக்கு அழைத்து, பெற்றோர் தினத்துக்கு நான் பேச வேண்டிய உரையை முதலில் கேட்டு ரசித்தார். "தூய்மையே நம் செல்வம்" என்பது தலைப்பு. பிறகு, விறகு எங்கே போகிறது தெரியுமா என்று சாதாரணமாகக் கேட்டார். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. இரண்டாவது முறை கேட்க வேண்டிய சிரமத்தைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் கஸ்தூரியின் அப்பா சைக்கிளில் வந்தார். அலுவலக வாசலில் வைத்தே பேசினார்கள், உள்ளே அழைக்கவில்லை. வேலி தாண்டி வெளியே போனது, அனுமதியில்லாமல் விறகு எடுத்தது, பிள்ளைகளிடம் பீதியைக் கிளப்பியது என்று பெரியம்மா வரிசையாகச் சொல்லச் சொல்ல, அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் அவளிடம் கேட்டார்.

"இன்னா பண்ண நீ?"

"தண்ணி காச்சிக் குடுத்தேன் நைனா. பசங்களுக்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் பெரியம்மாவிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பார், காலில் விழுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த பெரியம்மாவின் முகம் கோணிப்போனது. கஸ்தூரியின் அப்பா அவளுடைய தகரப் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார், மகளை முன்னால் பாரில் உட்கார வைத்துக்கொண்டு மிதித்துப் போய்விட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வகுப்புக்குப் போங்கள் என்று அவர்களை விரட்டியது நான்தான்.

அந்த வாரமே எனக்குக் கண் மஞ்சளானது. பெற்றோர் தினத்தன்று உரையில் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் வாந்தி எடுத்தேன். அம்மா மேடையேறி வந்து என் கண் இமையை விரித்துப் பார்த்தார். நர்சுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மைக் இருப்பதையும் பொருட்படுத்தாமல், இங்கே எத்தனை பிள்ளைக்கு இப்படி இருக்கிறது என்று பெரியம்மாவைக் கேட்டார். அறங்காவலர்கள் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே என்னை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். வழியில், ஆட்டோவில், "தண்ணி இப்டி இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அம்மா நம்பினார். சுகாதார அலுவலகத்துக்கு அவர் எழுதிப் போட்ட பிறகு தொட்டியைக் கழுவினார்களாம். நான் அந்தப் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் கஸ்தூரியைப் பார்த்தேன். ஷிப்டு முடிந்து வந்த பெண்களோடு நின்றிருந்தாள். ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றாள். பல வருடமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களை எடுத்தேன். விறகு விஷயத்தைச் சொன்னது நான்தான் என்றேன். அது தெரியும் என்றாள். தேர்தலில் ஜெயித்தது உண்மையில் அவள்தான் என்றேன், பெரிய ரகசியத்தைத் தானம் செய்கிறவளைப் போல.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஓட்டு போட்டதே நாங்கதான வசந்தி. எங்களுக்குத் தெரியாதா? ஒனக்குதான் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தோம்" என்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பஸ் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறிப் போனாள். விலாசம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இன்று அந்தப் பள்ளி இல்லை. பெரியம்மா இறந்ததும் அறங்காவலர்கள் இடத்தை விற்றுவிட்டார்கள், மதில் போய்விட்டது, வயல்கள் போய்விட்டன, அங்கே நான்கு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. இடித்த அன்று எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் வரவில்லை. ஆனால் முன்னாள் மாணவியருக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது, அதில் தினமும் யாராவது ஒருத்தி பொற்காலம் என்று எழுதிக் கண்ணீர்ப் பொம்மை போடுகிறாள். சென்ற மாதம் மேனாம்பேட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடினார்கள். பெரியம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பெரியம்மாவைப் பற்றிப் பேசாமல் கஸ்தூரியைப் பற்றிப் பேசினேன், காக்கையிலிருந்து சைக்கிள் வரைக்கும், என் பங்கையும் விடாமல். ஐம்பது பெண்கள் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். யாரிடமும் இல்லை.

"அந்தக் காலம் அப்படித்தான், விடுப்பா" என்றாள் ஒருத்தி. பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது என்றாள் இன்னொருத்தி. நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள். நானும் போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.