பன்னிரண்டில் ஒரு பங்கு

கணக்கில் நான் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்த வயது அது. எழுபதுகளின் தொடக்கம், ஆறாம் வகுப்பு. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வேர்க்கடலை நிலம் இருந்தது. விதைக்கடலையைக் கையால்தான் உரிக்கவேண்டும். உள்தோல் கிழிந்தால் முளைக்காது. ரொம்ப முன்னாடியே உரித்து வைக்கவும் முடியாது. அதனால் ஆனி பிறந்தால் எங்கள் வீட்டுப் பெண்களின் கட்டைவிரல்கள் வீங்கிக் கிடக்கும்.

அந்த வருஷம் அத்தையும் எங்களோடு இருந்தாள். நைனாவின் தங்கை. கவரைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்துவிட்டவள், "நான் அங்க போவமாட்டேண்ணா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று நைனா முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவும் அத்தையும் ஒரே நாளில் ஆளுக்கொரு மூட்டையைப் பிரித்தார்கள். அம்மா நாலு நாளில் முடித்துவிட்டு நிலத்துக்கு எரு இறைக்கப் போனாள். அத்தைக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. இன்னும் ஒரு மூட்டை மிச்சம். முதல் மழை வேறு இறங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் குந்திக்கினு உரிச்சா எத்தினி நாளு ஆவும்?" என்றார் நைனா.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் தலைகீழி நடத்தியிருந்தார்கள். நாலின் தலைகீழி நாலில் ஒன்று. பன்னிரண்டின் தலைகீழி பன்னிரண்டில் ஒன்று. அதுதான் அவரவரின் ஒரு நாள் வேலை. இரண்டையும் கூட்டினேன், மூன்றில் ஒன்று வந்தது. அதை மறுபடி தலைகீழாக்கினேன்.

"மூணு நாளு நைனா!"

அதோடு வாயை மூடியிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே. "அத்த இல்லாங்காட்டியும் நாலே நாளு. ஒரு நாளுதான் கூட" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அத்தை, அவன் வாயைத் துடைத்துவிட்டு, "நம்ம பொண்ணு கணக்குல கெட்டி" என்றாள்.

இரண்டு நாள் கழித்து நைனா அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மிச்சமிருந்த மூட்டைக்கு அம்மா தனியாக உட்கார்ந்தாள். தண்ணீருக்கு எழுந்தாள், அடுப்புக்கு எழுந்தாள், தம்பி அழும்போதெல்லாம் எழுந்தாள். பத்து நாள் ஆகியும் முடியவில்லை. நிலத்து ஈரம் காய்ந்துவிட்டது.

"இன்னாடி, நாலு நாளுன்னியே?" என்றார் நைனா.

சிலேட்டில் மறுபடி போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அம்மாவுக்குத்தான் சோம்பல் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். முதல் மூட்டையின்போது அம்மா இருந்த இடத்தை விட்டு எழாமல் உரித்தது யார் புண்ணியத்தில் என்று தோன்றவே இல்லை.

பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். நைனா தலைகுனிந்துகொண்டார். நான் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? இந்தக் கையோடு ஒரு மூட்டை உரிக்க எத்தனை நாள் ஆகும், அதன் தலைகீழி என்ன என்று அவள் எதிரிலேயே உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.