நாற்பதைத் தாண்டாத கார்

கடலூர் முதுநகரில் நான் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த காலத்தில், பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் என்னிடம்தான் காட்டுவார்கள். நான் வேண்டாமென்றால் வேண்டாம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை இறக்கி வைத்தது, 2008-இல் என் மச்சான் வாங்கிய வெளிநாட்டு டீசல் கார்.

மச்சான் குமரவேல் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் கல்யாணப் பந்தல் போடுகிறவன். ஒருநாள், கப்பல் மாதிரி நீளமான வெள்ளைக் காரோடு வந்து நின்றான். விற்கிறவர் ஒரு கான்ட்ராக்டர். எஞ்சினில் கோளாறு என்று அவரே சொல்லித்தான் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். பானெட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளிக் கொடுக்கும் டர்போ போயிருந்தது. நின்றபடி ஓடும் ஐடிலிங்கில் சத்தமே இல்லை. நாற்பதுக்கு மேல் மிதித்தால் கரும்புகை, இழுவை கிடையாது. விடாமல் மிதித்தால் எஞ்சினே காலி.

"இத வாங்குறவன் மடையன்டா" என்று கஸ்டமர்கள் நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவன் பானெட்டை மூடிவிட்டுக் கிளம்பினான். மறுநாள் வாங்கிவிட்டான். சிதம்பரம் போய்ச் சேர இரண்டு மணி நேரமானதாம், வழியில் ஷேர் ஆட்டோவெல்லாம் முந்திக்கொண்டு போனதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த மாதம் அவனிடமிருந்து அக்காவுக்கு போன் வந்தது. சிதம்பரத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு, ஊர்வலத்துக்கு அவன் கார்தான், முதல் சவாரி, மாமாவும் வரவேண்டும் என்றான். இதற்காகத்தான் வாங்கினான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். நடுவீதியில் வண்டி நின்றால், அந்த ஊரில் அவனைப் பந்தலுக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். என் மனைவி டூல்ஸ் பையை எடுத்து என் கையில் திணித்தாள்.

முன்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குமரவேலே ஓட்டினான். நாதஸ்வரக்காரர் நின்றால் நின்றான், நடந்தால் நகர்ந்தான். தேரோடும் நாலு வீதியையும் சுற்ற ஒன்றரை மணி நேரம். ஸ்பீடு முள் பத்தைத் தொடவில்லை. நான் டெம்பரேச்சர் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது பாதியைத் தாண்டவே இல்லை. மண்டபத்தில் மாப்பிள்ளை இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தனக்கே கொடுத்துவிடச் சொல்லி அவர் கேட்ட விலை, குமரவேல் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. நான் மெக்கானிக் என்று யாரோ சொல்ல, வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க சார் ஓட்டப் போறீங்க?" என்றேன்.

"வாராவாரம் மெட்ராஸ் போவணும்."

"அப்ப வேணாம் சார். டர்போ போயிடுச்சி. இது ஊர்வலத்துக்குத்தான் ஆவும்."

அவர் சிரித்துவிட்டு, தன் மகள் கல்யாண ஊர்வலத்துக்கு அதே காரை அங்கேயே பேசி முடித்தார். விலை கைவிட்டுப் போன கோபத்தில் இருப்பான் என்று நினைத்து, பந்தியில் குமரவேல் பக்கத்தில் தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தேன். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எங்க ஓட்டப் போறன்னு அன்னிக்கி எங்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல மாமா?"

எனக்குச் சுருக்கென்றது. கேட்டிருக்க வேண்டும், தப்புதான் என்று அந்தப் பந்தியிலேயே ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும், எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பானெட்டில் கை வைப்பேன்.