அமரர் போடாத ஃபைல்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆகவே சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடியுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அரியாலையில் எனக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடித்துக் கொடுப்பார்கள் தெரியும்தானே, அதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு மலருக்கும் படங்கள் வந்து குவியும், ஒவ்வொன்றாக இடம் மாற்றி அளவு குறைத்து முதுகு முறிந்துவிடும். டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் எல்லாம் ஒரே மூச்சில் முடியும் என்று ஒரு வீடியோவில் ஒருவன் சிரித்துச் சிரித்துப் படிப்பித்தான். நானும் படித்தேன். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம், உள்ளே என்ன கிடக்கிறது, ஒன்றை எப்படி நகர்த்துவது, பிறகு கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு ஸ்கிரிப்டாக ஓடவிடுவது. "பயப்படவே வேண்டாம், மிக எளிது" என்றான் அந்தப் பாவி. அது ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காது, சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா நிற்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. இப்போதும் அவன் முகத்தைக் கண்டால் வயிறு எரிகிறது.

வல்வெட்டித்துறையிலிருந்து சாந்தி என்ற பிள்ளை தாயின் மலருக்காக வந்திருந்தாள். தாயின் பெயர் நேசம்மா. தாயின் போன் பழுதாகிப்போக முன்னர் இறக்கி வைத்த படங்கள் ஒரு பென் டிரைவில் இருந்தன, வேறு பிரதி எங்கும் இல்லை. லண்டனில் இருக்கிற அவளுடைய தமையன் செத்தவீட்டுக்கு வரவில்லை, ஆனால் மலரில் தன் படம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று போனில் கத்துவதற்கு மட்டும் அவனுக்கு நேரம் இருந்தது. அந்தக் கத்தலைக் கேட்டு எனக்கும் சூடேறிவிட்டது.

படங்களைப் போட "அமரர் நேசம்மா" என்று ஒரு ஃபோல்டர் திறந்து வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த சாந்தி திரையைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

"அக்கா, அமரர் எண்டு போடாதேங்கோ. என்னாலை அதை வாசிக்கேலாமக் கிடக்கு."

சரியென்று ஸ்கிரிப்டில் நேசம்மா என்று மட்டும் அடித்தேன். ஃபோல்டரின் பெயரை மாற்ற மறந்து அப்படியே ஓடவிட்டேன். நேசம்மா என்ற பெயரில் ஃபோல்டர் இல்லாததால் முதற் படம் நேசம்மா என்ற ஃபைலாக மாறியது, அடுத்த படம் அதன் மேல் ஏறி அதை அழித்தது, அதற்கடுத்தது அதை அழித்தது, இப்படியே கடைசி வரை. பென் டிரைவ் துடைத்தாற்போல் வெறுமையாகக் கிடந்தது. மிச்சம் ஒரே ஒரு ஃபைல்.

"எல்லாம் போச்சுதோ அக்கா? இனி அம்மாவின்ரை முகத்தை நான் எங்கை பாக்கிறது?"

கீபோர்டைத் தூக்கி மேசையில் அடித்தேன். வேறென்ன செய்ய? மிஞ்சியது கடைசிப் படமாகத்தான் இருக்க வேண்டும், அது ஏதோ கல்யாண மண்டபத்தின் வாசல், ஆளே இல்லாத படம், காலையில் என் கண்ணாலேயே பார்த்தேன். திறந்தேன். நம்பினால் நம்புங்கள், மண்டபமும் இல்லை, வாசலும் இல்லை. பச்சைச் சேலை உடுத்திக்கொண்டு நேசம்மா தனியாக ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். நேரே என்னைப் பார்த்து அப்படியொரு கோபம்.

பழைய படம் ஒன்றை நான் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாந்தி திரைக்குக் கிட்ட வந்து சேலையைத் தொட்டுக் காட்டினாள்.

"அக்கா, உது மாமா செத்தவீட்டண்டைக்குக் கொண்டுவந்த கோடிச் சேலை. குளிப்பாட்டிப்போட்டு நான்தான் உடுத்திவிட்டனான். அம்மா உயிரோடை உதைக் கண்டதேயில்லை. உதோடைதான் எரிச்சது."

படத்தைத் தமையனுக்கு அனுப்பினாள். உடனே போன் அடித்தது, எடுத்ததும் அவன் குரல் எனக்கும் கேட்டது.

"கொம்பியூட்டராலை செய்த படத்தை அனுப்பி என்னை வெருட்டுறியளோ? ஆர் உந்தச் சேலை வாங்கினது?"

அதுவரை குரல் உயர்த்தாத பிள்ளை கடை அதிரக் கத்தினாள். "வந்து முகம் பாத்திருந்தால் உங்களுக்குச் சேலை தெரிஞ்சிருக்கும் அண்ணை!"

அவன் போனை வைத்துவிட்டான். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அந்த ஒரு படத்தையே அட்டையில் போட்டு மலர் அடித்தோம். அந்தியேட்டியன்று நானும் போனேன். மலரை வாங்கிய சனமெல்லாம் அட்டையைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து மடியில் வைத்தது. ஒரு கிழவர் மட்டும் சாந்தியிடம் கேட்டேவிட்டார், "பிள்ளை, கொம்மா ஏன் என்னைப் பாத்து இப்பிடிக் கோவிக்கிறா?"

சாந்தி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"என்ன கோவம் அக்கா? அம்மா எவ்வளவு வடிவாச் சிரிக்கிறா."

அதே அட்டைதான் இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். என்னைப் பார்த்து அவர் இன்னும் சிரிக்கவில்லை.