பிரியுமா, பிரியாதா

லோஷன் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு 'ஜோசியக்காரி' என்று பட்டப்பெயர். எண்ணெயும் தண்ணீரும் கலந்த லோஷன் இரண்டு வருஷம் தாங்குமா, இடையிலேயே பிரிந்துவிடுமா என்று நாலு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? சின்னக் குழாய்களில் லோஷனை நிரப்பி இயந்திரத்தில் பூட்டுவாள். அது தலைதெறிக்கச் சுற்றும். சுற்றச் சுற்ற ஒரு வெளிச்சம் குழாய்களை ஊடுருவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் மேலேறி அடியில் தெளிந்தால், வெளிச்சம் அங்கே புகுந்துவிடும். திரையில் கோடு எகிறும். கோட்டின் முதல் அசைவிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிடும். இருபது வருஷ அனுபவம் அல்லவா!

ஊரார் லோஷனுக்கெல்லாம் ஜோசியம் சொன்னவளுக்குத் தன் வீட்டு விஷயம் மட்டும் வாயில் வரவில்லை. அவளும் கணவரும் முகம் கொடுத்துப் பேசி ஒன்பது வருஷம். சண்டை, அடிதடி எதுவும் கிடையாது. இருந்திருந்தாலாவது தேவலை! இவள் காபியை மேஜையில் வைப்பாள், அவர் எடுத்துக் குடிப்பார், அவ்வளவுதான். பிரிந்து போய்விட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? நடுவில் மாமியார் வேறு, இருவரையும் ஒட்டவைத்துக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜர் போன் செய்து, முந்தின நாள் சோதித்த லோஷன் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே பதில் சொன்னாள்.

"இல்ல சார், தாங்காது. பிரிஞ்சிடும். வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கு, உள்ளுக்குள்ள எப்பவோ ஆரம்பிச்சிடுச்சு. இனிமே இழுத்துப் பிடிச்சுப் பிரயோஜனமில்ல."

திரும்பினால், மாமியார் வாயில் கை வைத்தபடி நிற்கிறாள். "அடிப்பாவி! யாருகிட்டடி சொல்ற இதெல்லாம்?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் தலையைத் தூக்கினார். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார்.

"நிஜமாவா?" என்றார்.

"ஐயோ, லோஷன், அத்தை! குழந்தைங்க லோஷன்!" பதற்றத்தில் சொல்லியும் தொலைத்தாள்.

"அதானே பாத்தேன்! என் வயித்துல பாலை வார்த்தடி," என்று மாமியார் சமையலறைக்குள் போனாள்.

அப்புறம்தான் அவள் கணவரின் முகத்தைக் கவனித்தாள். அதில் கோபமில்லை, அதிர்ச்சியுமில்லை. சிறைக்கதவின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து நின்றவரின் முகம் அது. அட படுபாவி, இவரும் இத்தனை நாளும் இதற்குத்தான் காத்திருந்தாரா!

"லோஷனா," என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"காபி ஆறுது, ரெண்டு பேரும் வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இருவரும் போனார்கள்.