வேன் கதவும் நாற்பது விநாடியும்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கத்தரி. இணையத்தில் ஜனங்கள் எழுதுவதன்மேல் புகார் வந்தால், நீக்குவதா விடுவதா என்று முடிவு செய்வது அவள் வேலை. ஒன்றுக்கு நாற்பது விநாடி. புதுச் சட்டம் வந்த பிறகு, விட்டது தப்பென்றால் கம்பெனிக்கு அபராதம், அவளுக்கு வேலை போகும். நீக்கியது தப்பென்றால் கேட்க நாதியில்லை. "சந்தேகமா? தூக்கு!" என்பது மேனேஜர் ஓதும் வேதம். பேச்சுரிமையைக் காக்கவும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பாவம், அதைப் படிக்க நாற்பது விநாடி போதாது.

அன்று மத்தியானம் ஒரு பதிவு வந்தது. ஓடும்போதே பள்ளி வேனின் பின்கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று யாரோ படத்தோடு எழுதியிருந்தார்கள். அவதூறு என்று வேன்காரர் புகார். பழகிய கை முந்திக்கொண்டது, நீக்கிவிட்டாள். படம் மறைகிற நொடியில்தான் கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் வாத்து கண்ணில் பட்டது. அவள் மகள் ஒட்டிய வாத்து.

பதிவைத் திரும்பப் போட வேண்டுமானால் மேனேஜருக்குக் காரணம் எழுத வேண்டும். பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், மகள் வீடு சேர்ந்துவிட்டதாகப் போன் வரும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மகளை வேனில் ஏற்றவில்லை.

"என்னக்கா, பாப்பா வரலையா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வயித்து வலி."

"அப்ப கடைசி சீட்டு காலியா? நம்ம குட்டி அதுக்குத்தான் தினமும் அடம் பிடிக்கிறா. போடி, ஏறு!"

"ஏத்தாத!" அவளை மீறி வாய் கத்திவிட்டது. "அந்தப் பின்கதவு மூடி நிக்காது. ஒருத்தங்க போட்டோவோட எழுதியிருந்தாங்க. நான்தான் அதை எடுத்துட்டேன்."

குட்டியைத் தாய் இழுத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளோடு வேன் போய்விட்டது.

பத்து மணிக்கு அலுவலகத்தில் அவள் திறந்த மூன்றாவது புகார் அதே வேன்காரருடையது. இப்போது எழுதியிருப்பவள் பக்கத்து வீட்டுக்காரி: "கதவு ஆபத்துன்னு முன்னாடியே ஒருத்தர் எழுதினாராம். அதை நீக்குனவங்களே என்கிட்ட சொன்னாங்க. பிள்ளைங்களை ஏத்தாதீங்க."

நீக்கினால் வேலை பிழைக்கும். சாயங்காலம் அந்த வேனில்தான் பிள்ளைகள் திரும்ப வேண்டும்.

முப்பத்தெட்டாவது விநாடியில் 'விடு' என்பதை அழுத்தினாள். பயம் போகவில்லை. பின்னால் மேனேஜரின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.